நிறுத்தினால் ஏற வேண்டும்

நான்ட்கெலினில் ரயிலைப் பார்த்து யாரும் கையசைப்பதில்லை. அசைத்தால் நின்றுவிடும்.

அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலும் கிடையாது. ஒரு பிளாட்பாரம், மூன்று பக்கம் அடைத்த ஒரு கொட்டகை, ஒரு பெஞ்ச், பூச்செடி வைத்த பழைய மரப் பீப்பாய்கள். ஏற வேண்டுமானால் பிளாட்பாரத்தில் நின்று கையை நீட்ட வேண்டும். இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்னதாகவே ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வண்டி கொஞ்சம் வேகம் குறைத்து, ஒரு தடவை ஊதிவிட்டுப் போய்விடும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிவிடுவார்கள்: ரயிலுக்குக் கை காட்டாதே. தெரிந்தவர்கள் ஜன்னலில் தென்பட்டால் முகவாயைச் சற்றுத் தூக்குவார்கள். அவ்வளவுதான்.

நான் ஸ்வான்ஸீ நகரத்தில் வளர்ந்தவன். எனக்கு இது தெரியாது.

ஹெலெத் என்னை முதன்முதலாக அவள் வீட்டுக்கு அழைத்துப்போன அன்று சாயங்காலம், பிளாட்பாரத்துப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒற்றைப் பெட்டி வண்டி ஒன்று மலை வளைவில் திரும்பி வந்தது. பார்க்க நன்றாக இருந்தது. கையை அசைத்தேன். நின்றுவிட்டது.

கார்டு கதவைத் திறந்தார். வழுக்கைத் தலை, பெரிய மூக்கு. பெயர் எல்வெட் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏறுங்க."

"இல்லைங்க, நாங்க ஏறல."

"பின்ன எதுக்குக் கை காட்டுன?"

"சும்மா."

"சும்மாவா?" அவர் ஹெலெத் பக்கம் திரும்பினார். "இவன எங்கேர்ந்து புடிச்சே?"

"ஸ்வான்ஸீ."

"அதான பாத்தேன்."

ஹெலெத்தின் காது சிவந்துவிட்டது. ரயிலை நிறுத்தினால் யாராவது ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். அந்த ஊரில் அது சட்டம் மாதிரி. சும்மா நிறுத்திவிட்டு அனுப்பினால் பேரன் காலம் வரை சொல்லிச் சிரிப்பார்கள். யாரோ ஒருவர் பிளாட்பாரத்தில் கொட்டாவி விட்டுக் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாராம், வண்டி நின்றதாம். அவர் செத்து ஒரு தலைமுறை ஆயிற்று. அந்த வீட்டுக்கு இன்றைக்கும் கொட்டாவி வீடு என்றுதான் பெயர்.

ஹெலெத் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர் லான்வோயல். அதுவரை போனோம். வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் சுடு சிப்ஸ் முழுவதையும் அவள் தின்று தீர்த்தாள். கடைசி வண்டியில் திரும்பினோம். எல்வெட் டிக்கெட் கொடுக்க வந்தபோது அவள் இரண்டு விரலை நீட்டினாள்.

"நான்ட்கெலின். ரெண்டு பேர்."

அதற்குப் பிறகு கல்யாணம், அதே பாதையில் மலைக்கு இந்தப் பக்கம் உள்ள கில்மைனில் வீடு, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, எனக்கு நில அளவைத் துறையில் வரைபட வேலை. சனிக்கிழமைகளில் காலை வண்டியில் அவள் அம்மாவைப் பார்க்கப் போவோம். ஒவ்வொரு தடவையும் அவள்தான் சொல்வாள். இரண்டு விரல். நான்ட்கெலின். ரெண்டு பேர். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை.

போன அக்டோபரில் ஹெலெத் இறந்துபோனாள். வகுப்பறையில் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வயது முப்பது. நான்ட்கெலின் தேவாலயத்தின் பக்கச் சரிவில், அவள் அப்பா க்விலிமுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அன்று எல்லோரும் காரில் போனோம். யார் கார் என்று நினைவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமையே காலை வண்டியில் ஏறினேன். மாமியாரைப் பார்க்க வேண்டும், கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஏறினேன். எல்வெட் வந்து பக்கத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார். "நான்ட்கெலினா தம்பி?" என்றார்.

ஆமாம் என்றால் போதும். ஆனால் அவர் அடுத்ததாக எத்தனை பேர் என்று கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கமாட்டார்தான். தனி ஆளிடம் யார் கேட்பார்கள்? ஆனாலும் அந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு எண் வரும். வந்துதான் பழக்கம். இனி அது ஒன்று.

"லான்வோயல்," என்றேன்.

அவர் லான்வோயலுக்கே டிக்கெட் கொடுத்தார். நான்ட்கெலின் வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஊதிவிட்டுப் போனது. லான்வோயலில் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்தேன்.

குளிர்காலம் முழுவதும் இப்படித்தான். எல்லாச் சனிக்கிழமையும் ஏறுவேன். தேவாலயச் சரிவு இடது பக்கம் வரும், ஆகையால் வலது பக்க ஜன்னலில் உட்காருவேன். காலை வண்டியில் நான்ட்கெலினில் ஏறுவார் யாருமில்லை. அந்த ஊர்க்காரர்கள் கடைகண்ணிக்கு எதிர்ப்பக்கம், கில்மைனுக்குத்தான் வருவார்கள். இறங்குவதும் நான் ஒருவனாகத்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு தடவை யாராவது நிறுத்தியிருந்தால் நானும் கூடவே இறங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். யாரும் நிறுத்தவில்லை. ரயிலில் ஒரு பதிவுக் குரல் உண்டு. யாரோ ஊர் பேர் தெரியாத பெண். அடுத்து நான்ட்கெலின் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிடுவாள்.

மாமியார் டிலிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வார். ஆடு குட்டி போட்டது, கூரையில் ஓடு நகர்ந்தது, போதகருக்குச் சளி. ஏன் வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கடைசியில் "வர்றப்ப வா கண்ணு" என்பார். வைத்துவிடுவார்.

மார்ச் முடியும்போது சொன்னார்: "அடுத்த ஞாயிறு பூ ஞாயிறு."

"தெரியும் மாம்." ஹெலெத் அப்படித்தான் அழைப்பாள். எனக்கும் அதுதான்.

"முட்டி மடங்க மாட்டேங்குது. சரி. வர்றப்ப வா."

பூ ஞாயிறு என்பது ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. அதற்கு முதல் நாள் கல்லறைகளைக் கழுவுவார்கள். களை பிடுங்கி, கல்லைத் தேய்த்து வைப்பார்கள். மறுநாள் தேவாலயத்துக்கு வரும்போது ஊரே பார்க்கும்படி மஞ்சள் டாஃபடில் பூ வைப்பார்கள். பூ இல்லாத கல்லறை என்றால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். போன வருஷம் க்விலிமின் கல்லை ஹெலெத்தான் முழங்கால் போட்டுத் தேய்த்தாள். நான் தண்ணீர் சுமந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டியில் கூட்டம். வழக்கமாக நாலைந்து பேர்தான் இருப்போம். அன்று முழங்கால்களுக்கு நடுவே வாளி, பிரஷ், செய்தித்தாள் சுற்றிய பூ. என் எதிரில் இரண்டு பெண்கள். ஒருத்தி லான்வோயலில் கடை வைத்திருக்கும் எலினெட். கில்மைன் சந்தையில் மலிவாகப் பூ வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். அவளுக்கு என்னைத் தெரியாது.

"நான்ட்கெலின் டிலிஸ் சேதி கேட்டியா?" என்றாள் மற்றவளிடம். "போன வாரம் என் தங்கச்சி போயி, நான் வேணா ஒங்க வீட்டுக் கல்லையும் சேத்துக் கழுவிடறேன் அக்கான்னிருக்கா. அந்தம்மா வாளியப் புடுங்கி வேலிக்கு அந்தாண்ட வச்சிட்டாங்களாம்."

"ஏனாம்?"

"வீட்டு ஆளு வருமாம். எந்த வீட்டு ஆளு? புருஷன் போயாச்சு. மகளும் போயாச்சு. ரெண்டு குழி, ஒரு கெழவி, அதுவும் குனிய முடியாத கெழவி. வீம்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நாளைக்கு ஊரே பூவோட நிக்கும், அதுங்க ரெண்டும் மொட்டையாக் கெடக்கும்."

"மருமகன் ஒருத்தன் இருக்கான்ல?"

"இருக்கான், ஸ்வான்ஸீக்காரன். அவன்..." மற்றவள் என்னைப் பார்த்துவிட்டு எலினெட்டின் காலை மிதித்தாள். "ஆ! எதுக்குடி மிதிக்கிற?" பிறகு எலினெட்டும் பார்த்தாள். பூப்பொட்டலத்தைப் பிரித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

எல்வெட் வந்தார். வாளிகளைத் தாண்டித் தாண்டி, திட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குப் பூ ஞாயிறு, தம்பி."

"தெரியும்."

அவர் காத்திருந்தார். வாயைத் திறந்தேன். எதிரில் இரண்டு பெண்களும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹெலெத்தின் இரண்டு விரல்கள் என் கண்முன் வந்தன. ஒன்றில் சாக்பீஸ் தூசி எப்போதும் இருக்கும்.

"லான்வோயல்."

"ரிட்டர்னா?"

"ஆமா."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். போய்விட்டார். எலினெட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

வண்டி மலை வளைவில் திரும்பியது. பதிவுக் குரல் ஊர்ப் பெயரைச் சொன்னது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார், ஊதினார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது வேகம் பிடிக்கும். இப்போது. பிடிக்கவில்லை. பிரேக் கிறீச்சிட்டது. ஒரு வாளி உருண்டது. வண்டி நின்றுவிட்டது.

பிளாட்பாரத்தில் டிலிஸ் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் தடி. வலது கை நேராக நீட்டியபடி, அதில் ஒரு பெரிய கத்தை டாஃபடில். வண்டி நின்ற பிறகும் கையை இறக்கவில்லை.

எல்வெட் கதவைத் திறந்தார். "ஏறுங்க டிலிஸ்."

"நான் ஏறல."

"அப்போ யாரு இறங்குறது?"

"என்னக் கேட்டா? ஒன் வண்டி. உள்ள கேளு."

"என்கிட்ட நான்ட்கெலின்னு யாரும் சொல்லலியே."

"சொல்லலன்னா என்ன, இறங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"டிரைவர் திட்டுவாரு, டிலிஸ்."

"திட்டட்டும். அவரு அம்மாவ எனக்குத் தெரியும்."

எல்வெட் பெட்டிக்குள் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு பொதுவாகச் சொன்னார்: "நான்ட்கெலின். இறங்குறவங்க இறங்கலாம்."

யாரும் அசையவில்லை. வாளிகளோடு அத்தனை பேரும் தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு வழியாக அந்தக் கை எனக்குத் தெரிந்தது. மெல்லத் தாழ ஆரம்பித்திருந்தது. அறுபத்தெட்டு வயதுக் கை, எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருக்கும்? அதை இறக்கினால் வண்டி கிளம்பிவிடும். யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல். அப்புறம் அந்த வீட்டுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

எழுந்தேன். வாளிகளைத் தாண்டினேன். எலினெட் தன் பிரஷ்ஷை எடுத்து என் கையில் திணித்தாள். "கடையில வேற இருக்கு," என்றாள், யாரையோ திட்டுவது போல.

இறங்கினேன். டிலிஸ் கையை இறக்கினார். கதவு மூடியது. வண்டி போயிற்று.

"தல சீவ மாட்டியா?" என்றார்.

"மாம்."

"சனிக்கெழம சனிக்கெழம பாக்கறேன். வலது பக்கம் உக்காந்து போற. எங்க வீட்டு ஜன்னலு அந்தப் பக்கந்தான இருக்கு. தலையச் சீவாம, கோட்டுப் பட்டன் போடாமப் போறான் பாருன்னு நாய்கிட்டச் சொல்லுவேன்."

கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டேன். "கூப்பிட்டிருக்கலாமே," என்றேன்.

"நீயா எறங்குவேன்னு இருந்தேன். எல்வெட்டும் சொன்னான், விட்டுப் புடிப்போம்னு. இன்னிக்கு என்னால முடியல." தடியைத் தரையில் ஊன்றித் திரும்பினார். "நட. தண்ணி கனமா இருக்கும், நீதான் தூக்கணும்."

அப்போதுதான் பீப்பாய்களைப் பார்த்தேன். எல்லாம் மொட்டை. வெட்டிய தண்டுகள் மட்டும் நின்றன. அவற்றில் இருந்த டாஃபடில் கிழங்குகளை ஹெலெத் பள்ளிக்கூடம் போகும் வயதில் நட்டாள். ஸ்டேஷன் பூ ஸ்டேஷனுக்கு என்று டிலிஸ் யாரையும் ஒரு பூ பறிக்க விட்டதில்லை. ஒரு தடவை போதகரையே விரட்டியிருக்கிறார்.

"எல்லாத்தையும் வெட்டிட்டீங்களா?"

"அவ நட்டது. அவளுக்குத்தான்."

சரிவில் அங்கங்கே ஆட்கள் முழங்கால் போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து முகவாயைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். குழாயில் தண்ணீர் பிடித்தேன். முதலில் க்விலிமின் கல். பாசி தடிமனாக இருந்தது. எலினெட்டின் பிரஷ் புதிது, நன்றாகத் தேய்த்தது. டிலிஸ் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஓரம். இல்ல, அந்த ஓரம். பேருக்குள்ள தேய். மனுஷன் உயிரோட இருந்தப்பவே காது ஓரம் சரியாக் கழுவமாட்டான்.

ஹெலெத்துக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண் இறங்கி முடிய ஒரு வருஷம் ஆகும். ஒரு மரப்பலகை மட்டும், பெயரோடு. மண் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. கழுவுவதற்கு எதுவும் இல்லை. களை பிடுங்கினேன். தாழ்ந்த பக்கத்துக்குக் கையால் மண்ணை இழுத்துச் சமன் செய்தேன். மண் சில்லென்று இருந்தது. அக்டோபருக்குப் பிறகு என் கையில் எதுவும் சூடாகவோ குளிராகவோ உறைத்ததாக நினைவில்லை. அது உறைத்தது.

"மெதுவா," என்றார் டிலிஸ்.

மெதுவாகச் செய்தேன்.

ஜாம் பாட்டில்களில் தண்ணீர் விட்டுப் பூவை வைத்தோம். க்விலிமுக்குக் கொஞ்சம், அவளுக்கு நிறைய. பூவை நாளைக்குத்தானே வைப்பார்கள் என்றேன். "நாளைக்கு ஊரு வரும். இன்னிக்கு நாம," என்றார். நாளைக்கு ஊர் வரும்போது வீட்டு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அதனால் நான் தங்க வேண்டும் என்றும் சொன்னார். தங்குகிறேன் என்றேன்.

வீட்டில் கறி சூப் இருந்தது. நாய் என்னை முகர்ந்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. இன்னொருத்தி வர வேண்டும் என்று அதற்குக் கணக்கு. டிலிஸ் அதன் தலையைத் தடவினார்.

சாயங்காலம் பீப்பாய்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். பூ போனாலும் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டுமாம். ஊற்றிவிட்டு, அவர் உட்கார்ந்த பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். கொட்டகைச் சுவரில் அவசரத்துக்கு அமுக்கும் ஒரு மஞ்சள் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் ஏதோ ஒரு நகரத்திலிருந்து பேசுவார்கள்.

"போன மாசம் அமுக்கினேன்," என்றார். "தண்டவாளத்துல ஆடு நிக்குதுப்பா, வண்டிக்காரன்கிட்டச் சொல்லுன்னேன். எந்த ஸ்டேஷன்னான். சொன்னேன். எழுத்தெழுத்தாச் சொல்லும்மான்னான். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆடு தானா வீட்டுக்குப் போயிடுச்சு."

சிரித்தேன். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. டிலிஸ் என் பக்கம் திரும்பவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கன்னம் மடிந்தது.

மலை வளைவில் வண்டி வந்தது. லான்வோயல் போகும் சாயங்கால வண்டி. கதவு ஜன்னலில் எல்வெட்டின் வழுக்கைத் தலை தெரிந்தது. காலையில் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கையைத் தூக்கினேன்.

வண்டி நின்றுவிட்டது.

"ஐயையோ," என்றார் டிலிஸ்.

எல்வெட் கதவைத் திறந்தார். "ஏறுங்க."

"இல்ல, நான்... நன்றி சொல்லலாம்னுதான்."

"நன்றியா? இதுக்கு வண்டிய நிறுத்துவியா?" அவர் டிலிஸைப் பார்த்தார். "இத்தன வருஷம் ஆச்சு, இந்த ஸ்வான்ஸீப் பயலுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கலியா?"

"சொல்லிக் குடுக்க வேண்டியவ போயிட்டாளே," என்றார் டிலிஸ். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு தடியை ஊன்றி எழுந்தார். தலைத்துணியை இறுக்கினார். "கையக் குடு. ஏறணும்."

"மாம், முட்டி வலிக்குமே. செருப்பெல்லாம் மண்ணு."

"காலையில நான் நிறுத்தினப்ப நீ எறங்கின. இப்ப நீ நிறுத்தியிருக்க. ஏறாம அனுப்பினா நாளைக்குத் தேவாலயத்துல தல காட்ட முடியாது."

ஏற்றிவிட்டேன். நானும் ஏறினேன். லான்வோயலில் அதே கடை. சிப்ஸ் வாங்கினோம். ஸ்டேஷன் சுவரில் சாய்ந்து நின்று தின்றோம். வினிகர் போதவில்லை, உப்பு அதிகம், இதுக்கா அவ அன்னிக்கு என் சமையல விட்டுட்டு ஓடினா என்று சொல்லிக்கொண்டே டிலிஸ் முக்கால்வாசியைத் தின்றுவிட்டார்.

கடைசி வண்டியில் திரும்பினோம். இருட்டத் தொடங்கியிருந்தது. பெட்டியில் நாங்கள் மட்டும்தான். டிலிஸ் ஜன்னல் பக்கம். எல்வெட் டிக்கெட் இயந்திரத்தோடு வந்து நின்றார்.

"எங்க?" என்றார்.

அவருக்குத் தெரியும். டிலிஸ் சொல்வார் என்று பார்த்தேன். டிலிஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், எங்களை யாரென்றே தெரியாதவர் போல. அவர் கை மட்டும் என் கோட்டு நுனியைப் பிடித்திருந்தது.

எல்வெட் காத்திருந்தார். அவசரமில்லாமல் நின்றார்.

இரண்டு விரலை நீட்டினேன். நகத்தில் இன்னும் மண் இருந்தது.

"நான்ட்கெலின்," என்றேன். "ரெண்டு பேர்."

எல்வெட் டிரைவரிடம் சொல்ல முன்னால் போனார்.